முப்பத்தேழாம் நம்பர் கார்டு

விஸ்வநத்தம்,
16.11.2025, ஞாயிறு மதியம்

அன்பு மகள் பொன்மணிக்கு அம்மா குருவம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி பிரீத்திகாவும் அதேபோல் இருக்கிறீர்கள் என்ற சேதி வந்தால் எனக்கு அந்த வாரம் முழுக்க நல்ல தூக்கம் வரும். தினமும்தான் போனில் முகத்தைப் பார்க்கிறோமே, இந்த அம்மாவுக்கு என்ன வந்தது, தாளையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பாய். போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் நாலு தடவை வாயைத் திறந்தேன் தாயி, நீ சொல்லும்மா என்றதும் வெண்டைக்காய் விலையைச் சொல்லி வைத்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுமையாகக் கடைசி வரைக்கும் படி. நடுவில் என் மேல் கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து படி. கவருக்குள்ளே இன்னொரு சின்னக் கவர் ஒட்டி வைத்திருக்கிறேன். அதைக் கடிதம் முடிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும், உன் அவசரம் எனக்குத் தெரியும், அதனால்தான் நாலு பக்கமும் கோந்து தடவியிருக்கிறேன்.

முதலில் ஊர்ச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழை இந்த வருஷம் நம் பக்கம் பரவாயில்லை, கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை, காலையில் வேன் சத்தம் இல்லாமல் தெருவே ஊமையாகக் கிடக்கிறது. உன் அப்பா வேன் ஓட்டுவதை விட்டு நாலு வருஷம் ஆகியும் ஐந்தரை மணிக்கு எழுந்து வாசலில் நின்று யார் வேன் லேட்டு என்று பார்ப்பார், இப்போது அதுவும் இல்லாமல் என் சமையலில் குற்றம் கண்டுபிடிக்கிறார். அச்சாபீஸ் சின்ன முதலாளி சூர்யபிரகாஷ் தம்பி வழக்கம்போல் புது வருஷக் காலண்டரும் ஒரு டைரியும் கொடுத்தனுப்பினார். நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் மறக்காமல் அனுப்புகிறார், நல்ல பிள்ளை. அப்புறம், பிரீத்திகா இடது கையால் எழுதுகிறாள், சோத்துக் கைக்கு மாற்று, பிள்ளையைப் பழக்கத் தெரியாதவளா நீ என்று போன மாதம் உன்னைச் சத்தம் போட்டேன் அல்லவா, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அவள் எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுதட்டும். இடது கையைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் யாருக்கு வாய் இருந்தாலும் எனக்கு இல்லை, ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தீபாவளிக்கு மறுநாள் நீ போனில் ஒரு கட்டுரை எழுதிப் போட்டாயே, பிரீத்திகா அங்கே கடையில் கார்டுப் பாக்கெட்டைத் தடவித் தடவி வாங்குவதைப் பார்த்ததும் உனக்கு உன் சின்ன வயது ஞாபகம் வந்தது என்று. நன்றாகத்தான் எழுதியிருந்தாய். பபிள்கம் பாக்கெட்டில் வந்த கிரிக்கெட் கார்டு, ஐந்தாம் வகுப்பில் உன் பெஞ்சுத் தோழிகள், ஒரே நம்பர் இரண்டு வந்தால் அந்த டபுள் கார்டை மாற்றின கதை எல்லாம் கேட்டு நான் சிரித்தேன். அதன் தலைப்பு எங்க ஊர் கார்டு கள்ளன். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் பெட்டிக்கடை வைத்திருந்த இசக்கிப்பாண்டி, முப்பத்தேழாம் நம்பர் கார்டை ஒளித்து வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளிடம் இல்லை இல்லை என்று சாதித்த ஆள், பேரும் ஊரும் போட்டே எழுதியிருந்தாய். போன செவ்வாய்க்கிழமை ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். உன் கூடப் படித்த முத்துப்பேச்சி அதைப் போனில் வைத்துச் சத்தமாகப் படித்தாள், நம்ம பொன்மணி வெளிநாட்டுல இருந்து எப்பிடி எழுதிருக்கா பாருங்க என்று. வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், மகள் பேரைச் சொல்கிறார்களே என்ற பெருமையில். சிரித்துக்கொண்டே திரும்பினால் எனக்குப் பின்னால் நாலாவது ஆளாக இசக்கிப்பாண்டியின் மருமகள் நிற்கிறாள். அவள் சண்டைக்கு வரவில்லை. சீனிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அவ்வளவுதான், எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, ரேஷன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏனென்றால் தாயி, அந்த மனுஷன் கள்ளன் இல்லை. உனக்கு முப்பத்தேழு கிடைக்காமல் போனதற்குக் காரணம் நான்.

நீ இப்போது இதை இரண்டு தடவை படிப்பாய், படி. அந்தக் கார்டுகளை எல்லாம் அடித்தது நம் அச்சாபீஸ்தான், அது உனக்கும் தெரியும். அச்சடிக்கிற ஊரில் இருந்துகொண்டு ஒவ்வொரு கார்டையும் ஒரு ரூபாய் பபிள்கம் மென்று மென்று சேர்க்க வேண்டியிருக்கிறதே, ஒரே ஒரு கார்டை முந்தானையில் முடிந்து கொண்டுவரக் கூடாதா என்று நீ என்னிடம் எத்தனை நாள் அழுதிருக்கிறாய். வாசலில் பையைச் சோதிப்பார்கள், அச்சடித்த தாளில் ஒரு துண்டுகூட வெளியே போகக் கூடாது என்பது பெரிய முதலாளி சங்கரலிங்கம் ஐயா போட்ட சட்டம், நான் அதை மீறியதே இல்லை. மீறியிருந்தால்கூட இவ்வளவு பாவம் வந்திருக்காது. எனக்கு என்ன வேலை என்றால், கட்டிங் மிஷினில் இருந்து வருவதைப் பார்த்து, மை சிந்தினது, கலர் விலகினது எல்லாவற்றையும் கழித்துக் கட்டி, நல்லதை எண்ணிக் கட்டுப் போட்டு, கட்டுக்குள் என் பேர் எழுதின சீட்டைச் சொருகி அனுப்புவது. கழிவுச் சாக்கிலும் அதே சீட்டு. அந்தக் கார்டு ஆர்டருக்கு முந்தின சீசனில் ஒரு காலண்டரில் லட்சுமி இடது கையால் ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தாள். பிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை, நான்தான் கண்டுபிடித்து மிஷினை நிறுத்தச் சொன்னேன். பெரிய முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, குருவம்மாளுக்கு இருக்கிற கண்ணு உங்களுக்கெல்லாம் எங்க போச்சு என்று கேட்டு, எனக்கு ஒரு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்தார். இன்றைக்கும் பால் வாங்குகிறேனே, அதுதான். அந்தத் தூக்குவாளி என் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் எந்தப் படம் வந்தாலும் வலதா இடதா என்றுதான் பார்ப்பேன்.

கார்டு ஆர்டர் வந்தது. அறுபது நம்பரை ஆறு மேஜைக்குப் பிரித்தார்கள், என் மேஜைக்கு முப்பத்தொன்று முதல் நாற்பது வரை. அதில் ஆறு பேர் பந்து போடுகிறவர்கள், நாலு பேர் மட்டையைப் பிடித்து நிற்கிறவர்கள். மூன்று பேர் ஒரு பக்கம் பார்த்து நிற்கிறார்கள், முப்பத்தேழாம் நம்பர்க்காரர் மட்டும் மறுபக்கம் பார்த்து நிற்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சட்டையில் எழுத்து ஏதாவது இருந்திருந்தாலாவது நேராக இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். கீழே பேரும் நம்பரும் நேராகத்தான் இருந்தது, ஆனால் எழுத்து கருப்பு மைக்கான அச்சுத் தகட்டில் தனியாக வருவது, படம் மட்டும் திரும்பியிருக்கும், லட்சுமிக்கு ஆன கதைதான் இவருக்கும் என்று முடிவு பண்ணிவிட்டேன். சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் கண்டுபிடித்ததாக முதலாளியிடம் சொல்லிவிடுவார் என்று எனக்குப் பயம், தூக்குவாளி வாங்கின புத்தி. அந்த வேலை நடந்த மூன்று நாளும் என் கைக்கு வந்த முப்பத்தேழு அத்தனையையும், பளபள என்று ஒரு பழுதும் இல்லாத கார்டுகளை, கழிவுச் சாக்கில் போட்டேன். ஆயிரக்கணக்கில் இருக்கும். சனிக்கிழமை சம்பளத்தின்போது முதலாளியிடம் நேரே சொல்லி இன்னொரு சபாஷ் வாங்கலாம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமையே லோடு லாரி ஏறிவிட்டது, முதலாளி மெட்ராஸ் போய்விட்டார். அறுபதில் ஒன்றுதானே, வழக்கமாகக் கழிவு போகிற அளவிலேயே அடங்கிவிட்டது, கம்பெனிக்காரன்கூடக் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தது பபிள்கம் மென்ற பிள்ளைகள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாக்கெட்டுகள் இன்னும் கடைக்கு வரவில்லை, ஆனால் அறுபது பேர் பட்டியல் போட்ட விளம்பரத் தாள் உன் கைக்கு வந்திருந்தது. நீ துணி அடிக்கிற கட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்தில் நின்றாய். அம்மா, எனக்கு முப்பத்தேழுதான் மொதல்ல வேணும், அவரு இப்பிடித்தான் நிப்பாரு என்று கட்டையைப் பிடித்துக் காட்டினாய். ஏட்டி, கட்டையைத் திருப்பிப் பிடிச்சிருக்கியே என்றேன். திருப்பி இல்லம்மா, அவரு எடது கைக்காரரு, எடது கையில வெளாடுறவுக எம்புட்டுப் பேரு இருக்காக, இதுகூடத் தெரியாதா ஒனக்கு என்று சிரித்தாய். நீ அதை மறந்திருப்பாய். எனக்கு அரிசியும் தண்ணீரும் சேர்ந்து சாக்கடையில் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அரிசி போச்சே என்று அழுகிறேன் என்று நினைத்து நீ ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்கிக் கொடுத்தாய்.

அந்த வருஷம் நம் நிலைமை உனக்கு லேசாக ஞாபகம் இருக்கும். அப்பா ஓட்டின வேன் எந்தக் கம்பெனிக்கோ அந்தக் கம்பெனியை மூடிப்போட்டு நாலு மாதம். என் வேலை ஒன்றுதான் அடுப்பெரிய வைத்தது. முந்தின வருஷம் கட்டிங்கில் ஒரு ஆர்டரைக் கெடுத்தவரை முதலாளி அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தவள். திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் சாக்கைத் தேடினேன், சாக்கு இல்லை. கழிவுத் தாளை எல்லாம் கடைக்காரர்கள் பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கிப் போவார்கள், அந்த மூன்று சாக்கையும் வாங்கிப் போனவர் இசக்கிப்பாண்டி. சாயந்திரம் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அவரே வந்து நின்றார். கையில் என் பேர் எழுதின சீட்டு. தங்கச்சி, இது ஒம் பேருதான, சாக்கு பூராம் நல்ல கார்டாக் கெடக்கே, தெரிஞ்சு போட்டியா தெரியாமப் போட்டியா என்று மெதுவாகக் கேட்டார். நான் குடத்தை விட்டுவிட்டு அழுதேன், லட்சுமி கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அப்புறம் சொன்னார், இது வெளியில வந்தா பிள்ளைக பள்ளிக்கூடம் பூராம் கொண்டுபோவும், நல்ல கார்டு எப்பிடிக் கழிவுக்குப் போச்சுன்னு மொதலாளி காதுக்குப் போவும், அப்புறம் இந்தச் சீட்டு ஒன்னயத்தான் காட்டும், நீ போ, நான் பாத்துக்கிடுதேன் என்று.

யோசித்துப் பார் பொன்மணி. ஊரிலேயே, ஏன், நாட்டிலேயே முப்பத்தேழாம் நம்பர் இருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிக்கடை. ஆலங்குளத்தில் சித்தி வீட்டுக்கு உன்னைக் கூட்டிப் போனபோது சிமெண்ட் ஆலைக் குடியிருப்புப் பிள்ளைகள் முப்பத்தேழுக்குப் பத்து டபுள் தருகிறேன் என்று நின்றார்களே, அங்கேயும் ஒரு முப்பத்தேழு இல்லை. அவர் நினைத்திருந்தால் ஒரு கார்டு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விற்றுக் கடையை மாடியாகக் கட்டியிருக்கலாம். அவர் மூன்று சாக்கையும் தொட்டியில் ஊறப்போட்டுக் கூழாக்கி அட்டை மில்லுக்குப் போட்டுவிட்டார். ஒரே ஒரு கார்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பாப்பா தெனமும் வந்து கேக்குது தங்கச்சி, மொகத்தப் பாக்க முடியல, இத வீட்டுக்குள்ளயே வச்சுப் பாக்கச் சொல்லிக் குடுத்துரு என்று. நான் வேண்டாம் என்றேன். உன் வாயில் ஒரு சேதி நிற்காது, மறுநாளே வகுப்பில் காட்டிவிடுவாய் என்று பயந்தேன். உன் கைக்கு வந்திருக்க வேண்டிய கார்டைத் தட்டிவிட்டது இந்தக் கைதான்.

அப்புறம் நடந்ததை நீயே எழுதியிருக்கிறாய், ஆனால் பாதியைத்தான். கடலை மிட்டாய் டப்பாவை அவர் இறக்கும்போது அடியில் முப்பத்தேழு இருந்ததை நீ பார்த்துவிட்டாய். அது முப்பத்தொண்ணு பாப்பா, ஒனக்குக் கண்ணு சரியில்ல என்று அவர் டப்பாவை மூடிவிட்டார். நீ அழுதுகொண்டே ஓடி வந்து என்னிடம் சொன்னாய், அம்மா, அவரு பொய் சொல்றாரு, நீ வந்து கேளு என்று. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, கடைக்காரங்கன்னா அப்பிடித்தாண்டி, வெல ஏத்தி விக்கப் பாப்பாக, நீ அங்க போகாத என்றேன். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தைதான் என்னை அரிக்கிறது. உண்மையைச் சொல்ல முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். அம்மாவே சொல்லிவிட்டாள் என்ற தைரியத்தில்தான் நீ பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாய். பிள்ளைகள் அவர் கடையை விட்டுப் பஸ் ஸ்டாப் கடைக்குப் போய்விட்டார்கள். ஒரு நாள் காலை அவர் கடைப் பலகையில் சாக்பீஸில் கள்ளன் என்று எழுதியிருந்தது. நான் வேலைக்குப் போகிற வழியில் பார்த்தேன், அவர் ஈரத்துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். அது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்து, வேன் போயிரப்போவுது, வெரசாப் போ தங்கச்சி என்று மட்டும் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை ரேஷன் கடையிலிருந்து வந்ததும் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. அவர் லட்சுமி இடத்தில் சிரிக்க ஆரம்பித்து இருமலே வந்துவிட்டது. கடைப் பலகை இடத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எந்திரி, போயிட்டு வந்துருவோம் என்றார். எனக்கு மூன்று நாள் ஆனது, வெள்ளிக்கிழமைதான் தைரியம் வந்தது. இசக்கிப்பாண்டி அண்ணாச்சிக்கு எழுபத்தைந்து இருக்கும், ஒரு கண்ணில் புரை எடுத்துக் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். மருமகள் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள், போகட்டும், அவளுக்கு உரிமை இருக்கிறது. நான் கும்பிட்டுவிட்டு, அண்ணாச்சி எம் மக தெரியாம எழுதிட்டா என்று ஆரம்பித்தேன். மருமக படிச்சுக் காட்டுனா, கடலை மிட்டாய் டப்பா வரைக்கும் ஞாபகம் வச்சு எழுதிருக்கே பாப்பா என்று அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். நீங்க ஏன் அண்ணாச்சி அன்னைக்கே உண்மையச் சொல்லல என்று அப்பா கேட்டார். இருக்கிற கார்ட இல்லைன்னு நான் சொன்னது பொய்தான, பிள்ளைககிட்ட பொய் சொன்னா அம்புட்டுத் திட்டு வாங்கத்தான் வேணும் என்றார். கடையை வேன் நிற்கிற இடத்துக்கு மாற்றியதில் வியாபாரம் முன்னைவிட நன்றாகத்தான் போனது என்றும் சொன்னார். அது நிஜமா, என் மனது நோகக் கூடாது என்று சொன்னதா, தெரியவில்லை. நான் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன் தாயி. மருமகளைக் கூப்பிட்டு, அவள் காது கேட்க முழுக்கதையையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

அப்புறம்தான் வேடிக்கை. அண்ணாச்சி எழுந்து போய் ஆதார், ரேஷன் கார்டெல்லாம் வைத்திருக்கிற பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். அதற்குள் அது இருந்தது. வெள்ளைச் சட்டை, இடது கை, முப்பத்தேழு. பாப்பாவுக்கு இப்பக் குடுத்துரலாம்ல என்றார். நான் கையை நீட்டினேன், அவர் கார்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சும்மா எப்பிடிக் குடுக்க, பாப்பா போட்ட சட்டமே இருக்குல்ல, ரெண்டு டபுள் குடுத்தாத்தான் ஒரு கெடைக்காத கார்டு, எங் கடையில நின்னுதான் அந்த யாவாரமெல்லாம் பண்ணும், கொண்டா என்றார். எழுபத்தைந்து வயசு மனுஷன், கேலி பண்ணுகிறார் என்று பார்த்தால் முகத்தில் சிரிப்பே இல்லை. நான் வீட்டுக்கு வந்து பரண்மேல் இருந்த உன் பிஸ்கட் டின்னை இறக்கினேன். நீ ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்த டபுள்களில் இரண்டை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பன்னெண்டு சரி, இந்த அம்பத்தொண்ணு மூல மடங்கிருக்கு, செல்லாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் அப்பா வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். இன்னொரு தடவை நடந்தேன், மூலை மடங்காத நாற்பத்துநாலைக் கொடுத்தேன். அதற்கப்புறம்தான் முப்பத்தேழு என் கைக்கு வந்தது. நான் கழிவென்று எறிந்த கார்டை மூன்று நடை நடந்து வாங்கினேன், எனக்கு அது வேண்டியதுதான்.

அதுதான் அந்தச் சின்னக் கவரில் இருக்கிறது. உன் டின்னில் டபுள் போக ஐம்பத்தொன்பது இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன், அடுத்த தடவை வரும்போது நீயே உன் கையால் சேர்த்து அடுக்கு. இப்போது அம்மா கேட்பது ஒன்று. எந்த இடத்தில் அந்த மனுஷனைக் கள்ளன் என்று எழுதினாயோ அதே இடத்தில் இந்தக் கதையை எழுது. அம்மா பேர் வேண்டாமே என்று நீ யோசிப்பாய், என் பேரையும் போட்டே எழுது, குருவம்மாள், அச்சாபீஸ், லட்சுமி, தூக்குவாளி எல்லாம் வரட்டும். சூர்யபிரகாஷ் தம்பி படித்தாலும் படிக்கட்டும், அதற்காகக் காலண்டரைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுகிறேன். அன்றைக்கு அந்த அண்ணாச்சி வாயைத் திறந்திருந்தால் அந்த வாரமே என் வேலை போயிருக்கும். அதற்கப்புறம் இருபது வருஷம் அந்த மேஜையில் நின்று சம்பாதித்ததில்தான் நீ விருதுநகர் காலேஜுக்குப் பஸ் ஏறினாய், அங்கிருந்துதான் இன்றைக்கு ஆக்லாந்து வரைக்கும் போயிருக்கிறாய். நமக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை, என் அழுகையை ஒரு தடவை பார்த்ததற்காகத் தன் பேரைக் கெடுத்துக்கொண்டு இருந்திருக்கிறார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, படித்தவள் நீ, எனக்கும் சேர்த்து நீதான் சொல்ல வேண்டும்.

மழைக்காலம் இங்கேதான், அங்கே வெயில் ஏறுகிறது என்றாய், பிள்ளையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. மாப்பிள்ளை ராத்திரிச் சோறை ஒன்பது மணிக்குள் முடிக்கட்டும், வயிறு சொன்னபடி கேட்கும். பிரீத்திகா இடது கையால் எனக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பட்டும், திருப்பிப் போட்டிருக்கிறது என்று நான் கழித்துவிட மாட்டேன். நீங்கள் மூவரும் மனசுக்கும் உடம்புக்கும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் காளியம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறோம். அண்ணாச்சியின் போன் நம்பரைச் சின்னக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடிதம் கைக்கு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நீ பேசுவாய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், மறந்துவிடாதே, ஒவ்வொரு ஞாயிறும் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாமாம். நீ ஒரு வருஷம் தினமும் அவர் கடையில் நின்று முப்பத்தேழு வந்திருச்சா என்று கேட்டாய் அல்லவா, இந்தத் தடவை அவர் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமாம். செட்டு சேந்துருச்சா பாப்பா என்று. அதற்கு நீ பதில் சொன்னால் போதுமாம்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
ஊ. குருவம்மாள்